நம்ம பிள்ளைக்கு மட்டும் மூன்று

ஜிம்னாஸ்டிக்ஸ் நடுவர் தேர்வில் தேறிவிட்டாள் என்று செல்போனில் செய்தி வந்தபோது அவள் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் பிரிவில், டோக்கன் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒரு பெரியவரிடம் வசவு வாங்கிக்கொண்டிருந்தாள். எனக்குப் பின்னால் வந்தவனை எப்படி உள்ளே விட்டாய், உனக்குத் தெரிந்தவனா, சொந்தக்காரனா என்று அவர் கண்ணாடித் தடுப்பின் ஓட்டை வழியே பொரிந்து தள்ளினார். தலையில் அடிபட்டு வந்த அவசரக் கேஸ் ஐயா என்று அவளும் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள். கேட்கிற ஆளா அவர்? திட்டி முடித்து அவர் போய் உட்கார்ந்த பிறகுதான் செய்தியைத் திறந்தாள். சந்தோஷப்படக்கூட நேரமில்லை. அதற்குள் அடுத்தவர் தலையை நீட்டிவிட்டார்.

அந்தக் கவுன்ட்டரில் உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்குப் பெயரே போய்விட்டது. டாக்டரிலிருந்து தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் அவள் டோக்கன் அக்கா. வேலை ஒன்றும் மலையைப் புரட்டுவதல்ல. எண் கொடுக்க வேண்டும், எண்ணைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நோயோடு காத்திருக்கிற மனுஷனுக்கு உலகமே ஓரவஞ்சனைதான். யார் முந்திப் போனாலும் 'தெரிஞ்சவங்களுக்கு மட்டும்' என்று ஒரு குரல் பின்வரிசையிலிருந்து எழும். அந்த இரண்டு வார்த்தைகளைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு ஒரு வியாதியே வந்துவிட்டது. தெரிந்தவர் யாராவது வாசலில் தலைகாட்டினால் போதும், முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

வியாதி எந்த அளவுக்கு என்றால், பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் அவள் வீட்டுக்காரர் ஒருமுறை கணுக்கால் பிசகி, கால் பூசணியாய் வீங்கி, நொண்டிக்கொண்டே வந்து வரிசையில் உட்கார்ந்தார். அவர் எண் வந்தது. கூப்பிட்டாள். அவர் சுவரைப் பிடித்து எழுந்து வருவதற்குள், பின்னால் இருந்த இரண்டு பேரை உள்ளே அனுப்பிவிட்டாள்.

"ஏம்மா, என் நம்பரைத்தானே கூப்பிட்டே?"

"சும்மா உக்காருங்க. எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டுமே! என் நம்பரும்மா அது!"

பாவம் மனுஷன், உட்கார்ந்தார். இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார். "ஆஸ்பத்திரியில ஆள் தெரிஞ்சிருந்தா சீக்கிரம் பார்த்துட்டு வந்துடலாம்னு சொல்வாங்க. என் பொண்டாட்டி இருக்கற ஆஸ்பத்திரியில ஆள் தெரியாம இருந்தாத்தான் வேலை நடக்கும்." எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும், உண்மையைச் சொல்ல வேண்டுமே.

இப்படிப்பட்டவளைப் போய் நடுவராக்கியது அவளுடைய அக்கா. அக்கா ஒரு பழைய கிடங்கை வாடகைக்கு எடுத்து, பாய் விரித்து, கம்பி கட்டி, சின்னப் பெண்பிள்ளைகளுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லித் தருகிறவள். இவளும் ஒரு காலத்தில் அதே பாயில் குட்டிக்கரணம் போட்டவள்தான். பதினைந்து வயதில் முழங்கால் மக்கர் செய்தது, அத்தோடு சரி. போட்டிக்குப் பிள்ளைகளை அனுப்புகிற ஒவ்வொரு கிளப்பும் கூடவே ஒரு நடுவரையும் அனுப்ப வேண்டும் என்பது அந்த விளையாட்டில் உள்ள வழக்கம். நடுவர் பஞ்சம் அப்படி. அக்காவின் கிளப்புக்காக உட்கார்ந்துகொண்டிருந்த அம்மாள் மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். நடுவர் இல்லையென்றால் பிள்ளைகளுக்குப் போட்டி இல்லை. அக்கா நேராகத் தங்கை வீட்டுச் சமையலறையில் வந்து நின்றாள்.

"எனக்கு எதுக்குக்கா இந்த வம்பு? வாரம் பூரா திட்டு வாங்கறது போதாதா?"

"அங்க யாரும் உன்னைத் திட்ட முடியாது. நடுவர்கிட்ட கோச் வாயே திறக்கக் கூடாது. அப்படி ஒரு விதியே இருக்கு."

"நிஜமாவா?" என்று கேட்டாள் இவள், கையில் கரண்டியோடு. அந்த ஒரு வாக்கியத்தில்தான் விழுந்தாள்.

விழுந்த பிறகு தெரிந்தது பாடு. வேலை முடிந்து வந்து, சமைத்து, பாத்திரம் கழுவிவிட்டு, விதிப் புத்தகத்தோடு உட்கார்ந்தால் எழுத்தெல்லாம் எறும்பாக ஓடும். ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு குறி. தாளைப் பார்க்காமலே எழுதப் பழக வேண்டும், ஏனென்றால் தாளைக் குனிந்து பார்க்கிற நேரத்தில் பிள்ளை ஒரு தாவலை முடித்துவிடும். டிவியில் வீடியோவை ஓடவிட்டுக் கிறுக்கிக் கிறுக்கி விரல் மரத்துப்போயிற்று. வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, "ஜட்ஜம்மா, இந்த டீயில சர்க்கரை கம்மி. எவ்வளவு கழிக்கலாம்?" என்று உயிரை வாங்குவார்.

முதல் போட்டி அறிவிப்பு வந்தபோது கூடவே இன்னொரு விஷயமும் வந்தது. அதில் நல்ல மார்க் எடுக்கும் பிள்ளைகளைப் பெரிய பயிற்சி முகாமுக்கு எடுப்பார்கள். அங்கே தங்குமிடம், சாப்பாடு, பள்ளிக்கூடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. அக்காவின் பிள்ளைகளில் அதற்குத் தகுதியானது ஒன்றே ஒன்றுதான். அதற்குப் பெயர் கொசு.

கொசு என்று வைத்தது அக்காதான். உருவம் அப்படி, ஓயாமல் காதருகே ரீங்காரம் போடும் வாயும் அப்படி. அப்பா கிடையாது. அம்மா ஒரு பெரிய சலவைக்கூடத்தில் ஷிப்ட் வேலை. பள்ளி விட்டதும் நேராகக் கிடங்குக்கு வந்து, கடைசி ஆள் போகும்வரை இருந்து, பாய்களைச் சுருட்டி வைத்துவிட்டுத்தான் போகும். அக்காவைக் 'கோச்சக்கா' என்றும் இவளைச் 'சின்னக்கா' என்றும் கூப்பிடும். இவள் வரும் நாளெல்லாம் காலைக் கட்டிக்கொண்டு, "சின்னக்கா, இதைப் பாருங்க, சின்னக்கா, இன்னொரு தடவை பாருங்க" என்று பிராணனை எடுக்கும். முகாமுக்கு வயது வரம்பு உண்டு. கொசுவுக்கு இதுதான் கடைசி வருஷம். கிடங்கின் கூரை தாழ்வு, இனிமேல் கற்றுத்தர வேண்டியதெல்லாம் உயரம் கேட்கிற வித்தைகள். "எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அவளுக்குக் குடுத்தாச்சு. முகாம் கிடைக்கலைன்னா இதோட முடிஞ்சுது" என்றாள் அக்கா.

போட்டிக்கு முந்தின நாள் இவளே கேட்டாள். "அக்கா, நான் கொசுவுக்கு மார்க் போடற மாதிரி வந்தா என்ன பண்றது?"

"என்ன பண்றதுன்னா? பாரு. பார்த்ததை எழுது. வேற ஒண்ணும் பண்ணாத." அக்கா கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னாள். "சலுகையும் வேணாம், ஒண்ணும் வேணாம். மத்த பசங்களைப் பார்க்கற மாதிரி பாரு, போதும்."

போட்டி நடந்த அரங்கம் ஒரு பெரிய தகரக் கூடாரம். காலையில் குளிரில் விறைத்தது, மதியம் வெந்தது. நடுவர்களுக்கு நீலக் கோட்டு. இவளுடையது அவசரத்துக்கு வாங்கியது, அக்குளில் பிடித்துக்கொண்டு கையைத் தூக்கவிடவில்லை. ஆரம்பநிலைப் போட்டி என்பதால் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரே நடுவர். தலைமை நடுவர் என்று மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிய ஒரு அம்மாள் எல்லா இடத்தையும் சுற்றிவந்தார். காலையிலேயே தொண்டை கட்டியிருந்தது அவருக்கு.

"நீங்க புதுசா? கட்டையைப் பார்த்துக்கோங்க" என்றார். கட்டை என்றால் பீம். உள்ளங்கை அகலத்துக்கு, நெஞ்சு உயரத்தில் நிற்கும் நீள மரம். அதன்மேல்தான் பிள்ளைகள் நடப்பதும் தாவுவதும் திரும்புவதும். "உங்க கிளப் பசங்களும் வர்றாங்க இல்ல? என்ன செய்ய, ஆள் இல்ல. பார்த்துப் போடுங்க."

அதோடு விட்டிருந்தால் ஒருவேளை எல்லாம் நல்லபடியாக நடந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் ஒரு பேச்சு. கழுத்தில் விசிலோடு நின்ற எதிர்க் கிளப் கோச் பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "இன்னைக்கு அந்தக் கிளப் காட்டுல மழைதான் போங்க. கோச்சோட தங்கச்சியே கட்டைக்கு முன்னாடி உக்காந்தாச்சு. தெரிஞ்சவங்களுக்கு மட்டும் மார்க் கொட்டும்."

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னதாகத்தான் நினைத்திருப்பார். அவளுக்குச் சுரீர் என்றது. நடுவரிடம் கோச் பேசக்கூடாது என்றுதான் விதி, நடுவரின் முதுகுக்குப் பின்னால் பேசக்கூடாது என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது? இங்கேயும் அதே இரண்டு வார்த்தைகள்! அவள் திரும்பிப் பார்க்கவில்லை. காது மட்டும் கொதித்தது.

மார்க் கணக்கு ஒன்றும் பிரம்மவித்தை அல்ல. முழு மார்க் பத்து. அதிலிருந்து பிழைக்குப் பிழை கிள்ளிக்கொண்டே வர வேண்டும். ஒரு மார்க்கைப் பத்தாக உடைத்தால் வரும் துணுக்குக்கு நடுவர்கள் பேச்சில் 'ஒண்ணு'. முழங்கால் லேசாக மடங்கினால் ஒண்ணு. உடம்பு லேசாக ஆடி நின்றால் ஒண்ணு. இடுப்பு வளைந்து, கையை வீசி, விழப்போய்ச் சமாளித்தால் மூணு. விழுந்தே விட்டால் ஐந்து. விழுவதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். லேசுக்கும் பலத்துக்கும் நடுவில் கிடக்கிற இடம்தான் நடுவருடைய சொந்த நிலம். அங்கே அவள் சொன்னதுதான் சட்டம்.

அன்றைக்கு எல்லாப் பிள்ளைகளும் ஆட வேண்டியது ஒரே ஆட்டம்தான். அதே ஏற்றம், அதே நடை, அதே தாவல், கட்டையின் நடுவில் ஒற்றைக்காலில் அதே அரைத் திரும்பல், கடைசியில் அதே குதிப்பு. காலையிலிருந்து பிள்ளைகள் வந்தவண்ணம் இருந்தார்கள். இவள் கையைத் தூக்கிச் சைகை காட்ட வேண்டும், பிள்ளை இரண்டு கையையும் உயர்த்தி வணங்கி ஏற வேண்டும். பக்கத்துத் தரைப் பாயில் அதே பாட்டு திரும்பத் திரும்ப ஒலித்து மண்டைக்குள் குடியேறிவிட்டது. அரைத் திரும்பலில்தான் எல்லாப் பிள்ளைகளுக்கும் கண்டம். பத்துக்கு எட்டு அங்கே ஆடும். சின்ன ஆட்டம், சமாளிப்பு, ஒண்ணு. சின்ன ஆட்டம், சமாளிப்பு, ஒண்ணு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். இடுப்பு கழன்றுவிடும்போல இருந்தது. மதியம் கொடுத்த ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை. தண்ணீர் குடித்தால் கழிவறைக்கு எழ வேண்டுமே என்று அதையும் குடிக்கவில்லை.

அலுத்துக் களைத்து, இனி ஒரு பிள்ளைகூடத் தாங்காது என்ற நேரத்தில், அக்காவின் பிள்ளைகள் வரிசையாக வந்து கட்டையோரம் நின்றார்கள். கொசு கடைசியில். மற்ற மூன்று சாதனங்களும் முடிந்து, அதற்குக் கட்டை ஒன்றுதான் பாக்கி. அதுவரை எவ்வளவு எடுத்திருக்கிறது என்று இவளுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. அக்கா தூரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். விசில்காரர் கொஞ்சம் நகர்ந்து, மார்க் பலகை நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டார். அவள் அதைக் கடைக்கண்ணால் பார்த்துவிட்டாள்.

கொசு வணங்கியது. முகத்தில் சிரிப்பே இல்லை, சின்னக்கா என்று அறிந்த பாவனைகூட இல்லை. அதற்குக்கூடத் தெரிந்திருந்தது எங்கே எப்படி இருக்க வேண்டும் என்று. ஏறியது. நடந்தது. தாவியது. அன்று காலையிலிருந்து அந்தத் தாவலை அப்படி ஒரு பிள்ளை தாவவில்லை. கால்கள் கோடுபோல் விரிந்து, சத்தமில்லாமல் இறங்கின. அரைத் திரும்பல் வந்தது. திரும்பியது. லேசாக, மிக லேசாக, தோள் ஒருமுறை ஆடியது. நின்றுவிட்டது.

ஒண்ணு. கண் சொன்னது அதுதான். அவள் கை மூணு என்று எழுதியது.

ஏன் எழுதினாள்? பயம்தான், வேறென்ன? ஒண்ணு என்று போட்டால் மார்க் ஏறிப் பலகையில் பளிச்சென்று நிற்கும். விசில்காரர் பக்கத்திலிருப்பவரைப் பார்ப்பார். பார்த்தீர்களா, சொன்னேனா இல்லையா என்பார்.  கொசு குதித்து இறங்கி, அசையாமல் நின்று, வணங்கியது. அவள் கூட்டிக் கழித்து மார்க்கை அனுப்பினாள். பலகையில் எண் வந்ததும் அக்கா கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். விசில்காரர் புருவத்தை உயர்த்தினார்.

சற்று நேரத்தில் தலைமை நடுவர் ஒரு துண்டுச் சீட்டோடு வந்தார். கோச் வாயால் பேசக்கூடாதே தவிர, எழுதிக் கேட்கலாம். அக்கா எழுதியிருந்தது ஒரே வரி: திரும்பலில் ஆடியதற்கு எவ்வளவு கழித்தீர்கள்?

"மூணு போட்டிருக்கீங்க" என்றார் தலைமை நடுவர், அவள் தாளைப் பார்த்து. "நான் அந்தப் பக்கம் இருந்தேன், பார்க்கலை. இடுப்பு வளைஞ்சுதா?"

அங்கேதான் இருந்தது எல்லாம். இல்லை மேடம், தப்பாகப் போட்டுவிட்டேன் என்று ஒரு வார்த்தை. எழுதியதை அடித்துத் திருத்தலாம், அதற்கு விதி இடம் தருகிறது. ஆனால் அக்கா சீட்டுக் கொடுத்ததும் தங்கை மார்க்கை ஏற்றினாள் என்று அரங்கம் பூராவும் பேசுமே! முதல் நாளே இப்படி ஒரு பெயர் எடுத்தால் அப்புறம் எந்த முகத்தோடு நீலக் கோட்டைப் போடுவது? 

"வளைஞ்சுது மேடம்."

"அப்போ மாத்த வேண்டியதில்ல?"

"வேண்டியதில்ல."

முகாமுக்கான பெயர்களை வாசித்தார்கள். கொசுவின் பெயர் இல்லை. குறைந்துபோனது ஒரே ஒரு துணுக்கு. அவள் கூடுதலாகக் கிள்ளியதோ இரண்டு.

அதற்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. விசில்காரர் வலிய வந்து கையைக் குலுக்கினார். "நான் தப்பா நெனச்சுட்டேன் மேடம். சொந்தக் கிளப் பிள்ளைன்னுகூடப் பார்க்கலை நீங்க. இப்படி நாலு பேர் இருந்தா இந்த விளையாட்டு உருப்படும்." தலைமை நடுவர் கட்டிய தொண்டையோடு, "நல்லாப் பண்ணீங்க. அடுத்த மாசம் பெரிய போட்டி இருக்கு, உங்களைக் கூப்பிடறேன்" என்றார். அவள் நன்றி சொன்னாள். சொல்லும்போதே தன் மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

அக்காவின் பழைய காரில் மூன்று பேரும் திரும்பினார்கள். அக்கா சாலையைப் பார்த்தே வண்டி ஓட்டினாள். பின் இருக்கையில் கொசு வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தது. அழுது முடித்த முகம். பிறகு முன்னால் சாய்ந்து, இவள் தோளைத் தொட்டது.

"சின்னக்கா, நான் எதுல தப்பு பண்ணேன்? சொன்னீங்கன்னா சரி பண்ணிக்குவேன்."

இதைவிட அந்தப் பிள்ளை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அவள்தான் திட்டு வாங்கிப் பழகியவளாயிற்றே, வாங்கிக்கொண்டிருப்பாள். அக்காவின் கண்கள் ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டுச் சாலைக்குத் திரும்பின.

"பாதம்" என்றாள். வாயில் வந்தது அது. "விரல் நுனி இன்னும் நீளணும்."

"பாதமா? சரி சின்னக்கா." கொசு சாய்ந்து உட்கார்ந்து, அப்போதே செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தை நீட்டிப் பார்க்க ஆரம்பித்தது.

அன்றிலிருந்து அவள் கிடங்குப் பக்கம் போகவில்லை. தலைவலி என்றாள், கவுன்ட்டரில் ஆள் குறைவு என்றாள், முழங்கால் என்றாள். எல்லாம் ஓரளவு உண்மையும்கூட. காலையில் எழும்போதே உடம்பு அடித்துப்போட்டதுபோல் இருந்தது. கவுன்ட்டரில் ஒரு நாள் வரிசை மாறி எண்ணைக் கூப்பிட்டுவிட்டு, நிஜமாகவே திட்டு வாங்கினாள். வீட்டுக்காரர்தான் கண்டுபிடித்தார்.

"என்ன ஜட்ஜம்மா, முகத்துல ஈயாடல?"

சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள், சிரிக்கவில்லை.

"என்னை உக்கார வெச்சே, நான் பெரிய ஆளு, கதையாச் சொல்லிட்டுத் திரியறேன்" என்றார். "அது சின்னப் பிள்ளைம்மா."

மறுநாள் இடைவேளையில் தலைமை நடுவருக்குப் போன் போட்டாள். ஆட்டம் சின்னதுதான் மேடம், நான் பயந்துபோய் அதிகம் போட்டுவிட்டேன், இடுப்பு வளையவில்லை என்று ஒரே மூச்சில் சொன்னாள்.  மறுமுனையில் ஒரு பெருமூச்சு.

"கையெழுத்துப் போட்டு அனுப்பியாச்சும்மா. போன மார்க் போனதுதான். முகாம்ல பசங்க சேர்ந்துட்டாங்க, யாரை வெளிய அனுப்பச் சொல்றீங்க? முதல் நாள் எல்லாரும் ஏதாவது ஒண்ணு பண்ணுவோம். விடுங்க. அடுத்த மாசம் உங்க பேரைக் குடுத்துட்டேன், கட்டைக்கே."

விடுங்க என்று சொல்வது எவ்வளவு சுலபம்! அவரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. அந்தம்மாளும் எத்தனை தகரக் கூடாரத்தில் எத்தனை வருஷம் தொண்டை கட்டியவரோ. போனை வைத்துவிட்டு மிச்ச நேரம் டோக்கன் கொடுத்தாள். வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராகக் கிடங்குக்குப் போனாள்.

மற்ற பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். அக்கா கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கொசு தரையில் உட்கார்ந்து, இரண்டு பாதங்களின் நுனியையும் ஒரு கனமான பெட்டிக்கு அடியில் சொருகி, முழங்காலை நீட்டி, முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தது. விரல்களின் மேல்தோல் உரிந்து சிவந்திருந்தது.

"என்னக்கா இது?"

"நீதானே சொன்னே, பாதம்னு" என்றாள் அக்கா, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அன்னைக்கிலேர்ந்து தினம் இதான். வேணாம்னா கேக்கல. அவ பாதத்துக்கு என்ன குறைன்னு எனக்குத் தெரியல. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா. நடுவர் சொன்னது இல்லையா?"

அவள் கொசுவின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். முழங்கால் சத்தம் போட்டது. பெட்டியை நகர்த்தினாள்.

"கொசு, காலை எடு. உன் பாதத்துல ஒரு தப்பும் இல்ல."

"கொஞ்சம் நீண்டிருக்கு சின்னக்கா, பாருங்க."

"முன்னாடியே சரியாத்தான் இருந்துச்சு. நான் பொய் சொன்னேன்." நிறுத்தாமல் சொன்னாள். "திரும்பறப்போ நீ கொஞ்சூண்டு ஆடினே. மத்த பசங்களுக்கு அதுக்கு ஒண்ணு போட்டேன். உனக்கு மட்டும் மூணு போட்டேன். நம்ம பிள்ளைக்குச் சலுகை காட்டறேன்னு யாராவது சொல்லிடுவாங்களோன்னு பயம். கேட்டப்பவும் மாத்தல. தப்பு நான் பண்ணது. நீ பண்ணல."

அக்காவின் கை கம்பியில் நின்றுவிட்டது. அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்ததைத் தங்கையின் வாயிலிருந்து கேட்கத்தான் இத்தனை நாள் காத்திருந்தாள்போலிருக்கிறது. 

கொசு அவளையே பார்த்தது.

"அப்ப ஒண்ணு போட்டிருந்தா எனக்கு முகாம் கிடைச்சிருக்குமா?"

"கிடைச்சிருக்கும்."

"இப்ப?"

"கேட்டுப் பார்த்தேன். முடியாதுன்னுட்டாங்க."

கத்தும், அழும், எழுந்து ஓடும் என்று அவள் தன்னைத் தயார் செய்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளத்தான் வந்திருந்தாள். பிள்ளை தன் உரிந்த விரல்களைத் தடவிப் பார்த்தது.

"அப்ப நான் அன்னைக்கு நல்லாத்தான் ஆடினேனா?"

"அன்னைக்கு வந்ததுலயே நீதான் நல்லா ஆடினே."

"அதைக் கார்லயே சொல்லியிருக்கலாம்ல" என்றது கொசு. அப்போதுதான் உதடு துடித்தது. "எங்கம்மாவுக்குப் போட்டிக்கு வர லீவு கிடைக்கல. நான் வீட்டுக்குப் போனப்போ வாசல்லயே நின்னுட்டிருந்தாங்க, என்னாச்சு என்னாச்சுன்னு. நான் சரியா ஆடலைம்மான்னு சொல்லிட்டேன். நல்லா ஆடாம எதுக்கு இத்தனை நாள் போனேன்னு கேட்டாங்க. அப்புறம் அழுதாங்க."

 அக்கா துணியைக் கம்பியில் போட்டுவிட்டு வந்து, சுவரோரம் கிடந்த கொசுவின் செருப்பை எடுத்து அதன் முன்னால் வைத்தாள்.

"சலவைக்கூடத்துல இன்னேரம் ஷிப்ட் முடிஞ்சிருக்கும்" என்றாள் தங்கையிடம். "எழுந்திரு. அவங்கம்மாகிட்டயும் நீயே வந்து சொல்லு."

கொசு செருப்பை மாட்டிக்கொண்டது. விரல் எரிந்திருக்க வேண்டும், நொண்டி நொண்டி முன்னால் நடந்தது. அவள் எழுந்து பின்னால் போனாள்.